பழைய வீடியோ கேம் போர்டில் ஈயம் ஏன் பிடிக்கவில்லை?

தொண்ணூறுகளில் வாங்கிய, கேசட் செருகி விளையாடும் வீடியோ கேமை டிவியின் ஏவி (படம், ஒலி ஒயர்) இணைப்புக்கு மாற்ற முயன்றபோது கிரவுண்ட் (மின்சுற்றின் பொது எதிர்முனை) புள்ளியில் ஈயம் உருகவே இல்லை என்றும், சால்டரிங் அயர்னை 450 டிகிரிக்கு ஏற்றியதும் பக்கத்திலிருந்த செம்பு வளையம் போர்டிலிருந்து உரிந்து வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இனி அந்த போர்டைக் காப்பாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில்; இதே தவறை இதே போன்றதொரு போர்டில் நானும் செய்து, பிறகு சரிசெய்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஈயம் பிடிக்காததற்கு வெப்பநிலை குறைவாக இருந்தது காரணமாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. அந்தக் காலத்துப் போர்டுகளில் நாம் ஈயம் என்று சொல்வது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்தால் அது 183 டிகிரியிலேயே உருகிவிடும். 350 டிகிரியில் உருகாத ஒன்றை 450 டிகிரி உருக்கப் போவதில்லை. வெப்பம் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது செம்பு சுத்தமாக இல்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச எங்கள் தெருவுக்கு வருகிறவர் வேலை செய்வதைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, துருத்தி ஊதும் அடுப்பில் பாத்திரத்தையே சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, அது புகைந்து பித்தளை பளிச்சென்று வெளுத்த அந்தக் கணத்தில்தான் வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் இழுப்பார். போர்டில் நாம் செய்ய வேண்டியதும் இதே வரிசைதான். சூடாக வேண்டியது செம்பும் ஐசியின் காலும். அவை உருக்குகிற ஈயம்தான் பிடிக்கும். பிட்டின் (அயர்னின் முனையின்) நுனியில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் வைத்தால் அது உருண்டையாக மேலே உட்காருமே தவிர, செம்போடு சேராது. டிவி மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வது இதைத்தான். நவச்சாரத்தின் வேலையை இங்கே ஃபிளக்ஸ் செய்கிறது: சூட்டில் செம்பின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்து விலக்குகிறது. ஆனால் நவச்சாரத்தையோ, தகர வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸையோ போர்டில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவை மிச்சம் நின்று செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். ரோசின் ஃபிளக்ஸ் மட்டுமே போதும். முப்பது ஆண்டு பழைய போர்டில் ஈயக்கம்பிக்குள் இருக்கும் ஃபிளக்ஸ் பத்தாது. தனியாகவும் தடவ வேண்டும். அதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, பஞ்சுத் தூசியையும், கெபாசிட்டர் கசிந்திருந்தால் அந்தக் கறையையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து கிரவுண்ட். அது ஒரு சிறு புள்ளியைப் போலத் தெரிந்தாலும், போர்டு முழுவதும் பரவிய அகலமான செம்புப் பரப்போடும், படத்தை டிவியின் ஆன்டெனா சமிக்ஞையாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டரின் தகரப் பெட்டியோடும் சேர்ந்தது. நீங்கள் கொடுக்கும் சூட்டை அது உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும். பம்ப் மொழியில் சொன்னால், வெப்பநிலை என்பது ஹெட் (தண்ணீரைத் தள்ளும் அழுத்தம்), நமக்குப் போதாமல் இருந்தது டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீரின் அளவு). ஊசி போன்ற பிட் குறுகிய குழாய். எவ்வளவு ஏற்றினாலும் அதன் வழியாகக் கொஞ்சம்தான் போகும். உளி போலத் தட்டையான, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள பிட்டை மாட்டி, அதன் முகத்தில் சிறிது புதிய ஈயத்தை ஏற்றி, தட்டையான பக்கம் முழுவதும் படும்படி வைத்தால், 350 டிகிரியிலேயே சில நொடிகளில் கிரவுண்ட் இளகிவிடும். பழைய இணைப்பில் முதலில் புதிய ஈயத்தைச் சேர்த்துக் கலக்கவிட்டு, பிறகு ஈயம் உறிஞ்சும் கைப்பம்பால் உறிஞ்சுங்கள். காரீயம் கலக்காத (லெட்-ஃப்ரீ) ஈயக்கம்பியை இங்கே தவிர்த்துவிடுங்கள். அது உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும்.

நான் தவறிய இடம் வேறு. அண்ணன் மகன் ஆசைப்பட்டான் என்று, பல்லடம் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் வீட்டில், ஆடி மாதத்து மாலையொன்றில் 25 வாட் அயர்னோடு உட்கார்ந்தேன். சுற்றிலும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது வீட்டில் 180 வோல்ட்தான் இருந்தது. வெப்பக்கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும் என்பதால், 230 வோல்ட்டுக்குச் செய்த அந்த அயர்ன் அப்போது ஏறக்குறைய 15 வாட்டாகத்தான் வேலை செய்தது. போதாததற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று ஜன்னலில் புகுந்து பிட்டையும் போர்டையும் ஆற்றிக்கொண்டிருந்தது. இதை உணராமல் ஒரே இடத்தில் அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தேன். வளையம் கையோடு வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் மின்னழுத்தத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். காற்று நேராகப் போர்டின்மேல் படாத இடத்தில், ஆனால் காற்றோட்டமுள்ள அறையில் வேலை செய்யுங்கள். புகை முகத்துக்கு வராதபடி சற்றுத் தள்ளி உட்காருங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

வளையம் ஏன் உரிந்தது என்றால், மலிவான கன்சோல்கள் பலவற்றின் போர்டு காகிதத்தைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த பழுப்பு நிறப் போர்டு. அதில் செம்பைப் பிடித்திருக்கும் பசை நீண்ட சூட்டில் இளகிவிடும். அந்த நேரத்தில் பிட்டால் அழுத்தினாலோ, விறைப்பான ஒயர் இழுத்தாலோ செம்பு கிளம்பிவிடும். சிறு புள்ளிகளில் ஒரு தடவைக்கு மூன்று நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் எடுத்துவிட்டு, ஆறவிட்டு, ஃபிளக்ஸ் தடவி மறுபடி வையுங்கள்.

உரிந்த இடத்தைச் சரிசெய்ய நம் ஊரில் அருமையான பொருள் ஒன்று சும்மாவே கிடைக்கும். மோட்டார் வைண்டிங் கடைகளில் வெட்டி எறியும் எனாமல் செம்புக் கம்பியில், தலைமுடியை விடச் சற்றுப் பருமனான ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். நான் போனபோது கடைக்காரர் கொடுத்துவிட்டு, "நல்லாச் சுரண்டிப்போட்டு வைங்க கண்ணு, இல்லீன்னா புடிக்காது" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. மோட்டாருக்குச் சுற்றும் கம்பியின் எனாமல் அயர்ன் சூட்டில் தானாகக் கழன்றுவிடாது. இரண்டு முனைகளையும் பிளேடால் சுரண்டிச் செம்பு தெரிந்ததும் ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். பிறகு, உரிந்த வளையத்துக்குப் போய்க்கொண்டிருந்த டிராக்கை (செம்புத் தடத்தை) கண்டுபிடித்து, நல்ல நிலையில் உள்ள இடத்தில் மேலுள்ள பச்சைப் பூச்சை அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெதுவாகச் சுரண்டி, அதிலும் ஈயம் பூசி, அங்கிருந்து ஐசியின் காலுக்குக் கம்பியைப் பாலமாகப் போடுங்கள். ஏவி சாக்கெட்டுக்குப் போகும் ஒயர்கள் மெல்லிய பல இழை ஒயராக இருக்கட்டும். ஓரிடத்தில் பசைத் துப்பாக்கியால் போர்டோடு ஒட்டிவிட்டால் இழுவை ஈயத்தின்மேல் வராது.

எந்தக் காலில் இணைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அடிக்கடி தவறு நடக்கும் இடம் என்பதால் சொல்கிறேன். நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கன்சோலிலும், அதே அமைப்பில் படத்தை உருவாக்கும் 40 கால் சிப்பை வைத்துச் செய்த நகல்களிலும் படம் வெளிவருவது 21ஆம் காலில். நேர் எதிரே உள்ள 20ஆம் கால் கிரவுண்ட். போர்டைத் திருப்பிப் போட்டு ஈயப் பக்கமிருந்து எண்ணும்போது எல்லாம் இடம் வலமாகிவிடும். ஆகவே சிப் இருக்கும் மேல் பக்கமிருந்து எண்ணி, மீட்டரால் தொட்டுப் பார்த்து, அடியில் பேனாவால் குறியுங்கள். 21இலிருந்து வரும் சமிக்ஞை பலவீனமானது. ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் பலப்படுத்தித்தான் டிவிக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் கன்சோலில் கால்களுள்ள சிப்புகளுக்குப் பதிலாகச் சிப்பை மூடிய கரும்பிசின் பொட்டு மட்டும் இருந்தால் இந்தக் கால்களைத் தேடிப் பயனில்லை. மாடுலேட்டர் பெட்டிக்குள் நுழையும் வீடியோ ஒயரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஃபிளக்ஸ் மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்து, அடாப்டரைச் செருகும் முன், மீட்டரை பீப் நிலையில் வைத்து 21க்கும் 22க்கும் இடையிலும், 5 வோல்ட் வரும் 40ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒலி வரக்கூடாது. வந்தால் எங்கோ ஈயம் பாலம் கட்டியிருக்கிறது. ஃபிளக்ஸ் தடவி, சுத்தமான பிட்டால் இரண்டு கால்களுக்கும் நடுவே ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.