டிரஸ்ஸர் மாமா பதில்கள்: ஊதா விரல்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவோம். பேத்தி 'தாதி என்று சொல்லுங்க பாட்டி' என்று திருத்துகிறாள். எது சரி?
ஒரு பாட்டி, பாகாவ்

பதில்: பேத்தியும் பாஸ், பாட்டியும் பாஸ். பேப்பரில் தாதி, வாசலில் நின்று கூப்பிட்டால் மிஸ்ஸி. என் வேலைக் கடிதத்தில்கூட ஹாஸ்பிடல் அசிஸ்டண்ட் என்றுதான் இருந்தது. 27 வருடத்தில் ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டிருப்பாரா? டிரஸ்ஸர்தான்.

கேள்வி: என் அம்மா உங்களோடு தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்த மிஸ்ஸி. அடுத்த மாதம் முதல் திவசம். அதற்குள் ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று நானும் தங்கையும் அம்மாவைத் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி வருகிறோம். அம்மா ஒருமுறை ஒரு ஆளைக் கன்னத்தில் அறைந்தார் என்று தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஆயா சொல்கிறார். அதை எடுத்துவிடு என்கிறாள் தங்கை. அண்ணனோ ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்கிறார். 'ஊருக்குத்தான் அவங்க அம்மா' என்பது அவர் பேச்சு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அம்மாவின் விரல். எப்போதும் ஊதாவாக இருக்கும். இதையெல்லாம் வைத்து எப்படிப் புத்தகம் போடுவது, மாமா?
ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: மகளே, அக்கா, அதுதான் உங்கள் அம்மா, போன செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. கருமக்கிரியைக்கு வந்தேன், ஆனால் உங்கள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்த விரலிலிருந்தே தொடங்குங்கள். அது ஜென்ஷன் வயலட், தோட்டத்துப் பிள்ளைகள் பாஷையில் 'ஊதா மருந்து'. பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து, பிள்ளைகளை ஏணையில் போட்டுவிட்டு, தாய்மார்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். ஏழு மணிக்கு அக்கா ஆயாக்கொட்டகையில் இருப்பார். போட்டோவுக்கு நிறுத்துகிற மாதிரி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வாய்ப்புண், கால்புண், தலைப்பேன் எல்லாம் பார்ப்பார். குச்சியில் பஞ்சு சுற்றி வைத்திருப்பேன், தொடமாட்டார். பிள்ளை மிரளும் என்று விரலாலேயே தடவுவார். அப்புறம் எங்கே சாயம் போவது?

அம்மா ஏன் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று யோசித்திருப்பீர்கள். பாதி நாள் காரணம் சொறிதான். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால், வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில், கழுத்திலிருந்து பாதம்வரை அந்த வெள்ளை மருந்தைப் பூச வேண்டும். பென்சைல் பென்சோயேட் என்பார்கள், நல்லா எரியும். ஒருத்தர் விட்டுப்போனாலும் சொறி திரும்ப வந்துவிடும். ஆம்பிளைகள் கள்ளுக்கடையிலிருந்து லயத்துக்குத் திரும்புகிற நேரம் பார்த்துத்தான் அக்கா போவார். 'சட்டையக் கழட்டு' என்று மிஸ்ஸி சொன்னால் கங்காணியும் கழட்டுவார்.

இன்னொன்று, கண். யார் எதற்கு வந்தாலும் முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். வெறுங்காலோடு நடக்கிற சனம். கொக்கிப்புழு பாதத் தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இமை வெளுத்திருந்தால் பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து, நான் கொடுத்த மாத்திரையைப் பெண்கள் வடிகாலில் கொட்டிவிடுவார்கள். அக்கா கொடுக்கும்போதே 'கறுப்பாத்தான் போவும், பயப்படாத. தே ஓவோட (பால் இல்லாத டீ) முழுங்காத, சத்து ஒட்டாது' என்று சொல்லிவிடுவார். 1974-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டதுதான்.

தங்கை பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன தமிழ் நேசன் பத்திரிகையில் எத்தனை நினைவஞ்சலி படித்திருப்பேன்! எல்லா அம்மாவும் பாசத்தின் திருவுருவம். படம் மாறிப்போனால் ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவை அப்படி அச்சடித்தால் லயத்து ஆட்கள் 'இது யாரு?' என்பார்கள். வாய் காரம் அவருக்கு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்ன ஒரு பாட்டியோடு சண்டை. 'நீ பெத்தது மூணு, நான் பெத்தது ஒம்போது' என்றது பாட்டி. அக்கா பட்டென்று, 'ஒம்போதுல எத்தன இருக்கு பாட்டி?' என்று கேட்டுவிட்டார். பாட்டி பேசவில்லை. பிள்ளையை எடுத்துத் தாயின் மடியில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்ததும் அக்கா ஊசியெல்லாம் கொதிக்கப் போட்டுவிட்டு, 'நான் அதக் கேட்டுருக்கக் கூடாது தம்பி' என்றார். சாயந்தரம் ஒரு சீப்பு பீசாங் வாங்கிக்கொண்டு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இது கட்டாயம் புத்தகத்தில் வர வேண்டும்.

அறைந்த கதைக்கு வருகிறேன். நானும் அங்கேதான் இருந்தேன். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. கோலகங்சாருக்குக் கொண்டுபோக லாரி தயார். புருஷன்காரன், தன் அம்மா கோயிலிலிருந்து விபூதி கொண்டுவரட்டும் என்று லாரிக்குக் குறுக்கே நிற்கிறான். அந்த இரத்தப்போக்குக்கு அரைமணி நேரம் அதிகம். அக்கா அவன் காலரைப் பிடித்து லாரியில் தள்ளினார். நான் பார்த்தது அவ்வளவுதான். ஆயா என்னைவிடக் கிட்டே நின்றார், அவருக்கு அறை விழுந்தது தெரிந்திருக்கலாம். இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே போடுங்கள். அந்த ஆளிடமே ஒருநாள் மார்க்கெட்டில் கேட்டேன். 'அறைஞ்சாங்களா இல்லையான்னு நெனப்பில்ல டிரஸ்ஸரே. லாரியில ஏறுனது நெனப்பிருக்கு' என்றார். பக்கத்தில் அவர் சம்சாரம் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, அவரை முதலில் முடியுங்கள். கைப்பேசியில் ரெக்கார்டு போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 1948 ஜூனில் நம்ம ஊர்ப் பக்கம் மூன்று தோட்டத் துரைகளைச் சுட்டதிலிருந்துதான் எப்போதும் ஆரம்பிப்பார். நிறுத்தாதீர்கள், அம்மாவிடம் வந்து சேருவார். மற்றவர்களிடம் 'அம்மா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷி' என்பார்கள், அதோடு சரி. எந்தப் பாதையில் சைக்கிளில் வருவார், கையில் என்ன இருக்கும், என்ன சொல்லித் திட்டினார் என்று கேளுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

இனி அண்ணன்.

தீபாவளி லீவை நானும் அக்காவும் முறை வைத்து எடுப்போம், ஒரு வருடம் அவர், ஒரு வருடம் நான். 1981 அவருடைய முறை. ஆனால் எனக்கு அது தலைத்தீபாவளி, மாமியார் வீடு தைப்பிங்கில். 'அக்கா, தலைத்தீபாவளிக்கா' என்று இழுத்தேன். 'போய்ட்டு வா தம்பி' என்றார். தன் வீட்டில், 'அவசர கேஸ்' என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரே ஒரு பெயர், பட்டாசில் விரலைச் சுட்டுக்கொண்ட ஒரு பையன். அன்று உங்கள் அண்ணன் தலையில் எண்ணெய் வைக்க விடாமல், புதுச்சட்டை போடாமல், மத்தியானம்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாராம். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும். ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் பல வருடம் கழித்து.

அந்த முறையை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அடுத்த வருடம் என் மூத்தவள் கைக்குழந்தை. அதற்கடுத்த வருடம் வேறு ஏதோ சாக்கு. அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. கருமக்கிரியையில் உங்கள் அண்ணனுக்கு எதிரில்தான் எனக்கு இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆசிரியரிடம் உங்கள் போன் நம்பரை வாங்கிவிட்டேன். இந்த இதழ் கடைக்கு வருவதற்குள் அண்ணனை நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். திட்டினால் திட்டட்டும்.