விசுவாசம் மட்டும் போதும் என்றால் லுத்தரன் சபையார் நற்கிரியை எதற்குச் செய்கிறீர்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரியையும் படித்தேன். லுத்தரன்கள் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பிரியாணி சாப்பிடுவதோடு சரி என்கிறீர்கள். உங்களுக்கு லுத்தரன் வீட்டில் பெண் பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரோடு வாக்குவாதம் முற்றியிருக்கிறது. எதுவானாலும் சரி, பிரியாணி விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை.

நான் இறையியல் படித்தவன் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் குருகுல் என்ற லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் திருத்திக்கொள்கிறேன். புரசைவாக்கத்தில் பிறந்து, ஞானோபதேசம் என்கிற கேள்வி பதில் பாடத்தை மனப்பாடம் பண்ணி, திடப்படுத்தல் என்கிற சபைச் சடங்கையும் முடித்த சாதாரண சபையான் நான், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட 500. எங்கள் சபையின் அடிப்படை விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 20ஆம் பிரிவு தொடங்குவதே, நற்கிரியைகளைத் தடுக்கிறோம் என்று எங்கள்மேல் பொய்யாகக் குற்றம் சாட்டுகிறார்கள் என்றுதான். அதே அறிக்கையின் 6ஆம் பிரிவு, விசுவாசம் நல்ல கனி கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தக் கனியைக் கையில் வைத்துக்கொண்டு தேவனிடம் நீதிமான் பட்டம் கேட்கக் கூடாது என்கிறது. எங்கள் சபைக்குப் பேர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1546இல் இறந்த பிறகு அவருடைய ஆட்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஜார்ஜ் மேயர் என்பவர் நற்கிரியை இரட்சிப்புக்கு அவசியம் என்றார். ஆம்ஸ்டார்ஃப் ஒரேயடியாக மறுபக்கம் போய், நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்றார். 1577இல் எழுதப்பட்ட ஒருமைப்பாட்டு அறிக்கை இருவர் பேச்சையும் தள்ளிவிட்டது. புத்தகப் பதில் இவ்வளவுதான்.

இனி என் கதை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2003. எனக்கு 24 வயது. அந்த வருஷம் சென்னையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. லாரி ராத்திரி பதினோரு மணிக்கும் வரும், விடியற்காலை மூன்றுக்கும் வரும், வராமலும் இருக்கும். அப்போதுதான் சிநேகிதன் ஒருவன் என்னை ஒரு ஜெபக்கூடத்துக்கு அழைத்துப் போனான். எந்தக் கூடம் என்பது வேண்டாம். நல்ல மனிதர்களும் அங்கே இருந்தார்கள். "இரட்சிக்கப்பட்டீங்களா பிரதர்?" என்றார்கள். ஆமாம் என்றேன். "ஜெயஜீவியம் இருக்கா?" என்றார்கள், அதாவது பாவத்தை ஜெயித்து வாழ்கிறீர்களா என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம்: பொய், கோபம், இச்சை, சினிமா, அதிகாலை ஜெபம். ஜெயித்தால் பச்சை மையில் டிக், தோற்றால் சிவப்பில் பெருக்கல் குறி. மாசக் கடைசியில் சதவீதம் வேறு போடுவேன். பி.காம். படித்த புத்தி. நகை போடக் கூடாது என்று அப்பா போட்ட மோதிரத்தைக் கழற்றினேன். அம்மாவின் சங்கிலியையும் கழற்றச் சொன்னேன். "அது உங்க அப்பா போட்டது, உன் வேலையைப் பாரு" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். சீரியல் பார்க்கிறார் என்று அம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். சத்தம் போடவில்லை என்பதால் கோபக் கட்டத்தில் அந்த இரண்டு நாளும் பச்சை.

ஒரு வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் முடிந்து, வெள்ளைச் சட்டையும் பைபிள் பையுமாக நாலரை மணிக்குத் தெருவுக்குள் வருகிறேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறார். தரையில் நாலு குடம். ஆரஞ்சு இரண்டும் எங்களுடையது, பச்சை இரண்டும் மேல் வீட்டு மாமியுடையது. மாமிக்கு முட்டிவலி, படி இறங்க முடியாது.

"டேய், அந்தப் பச்சையைத் தூக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டை நனைஞ்சிடும்மா."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய், நோட்டைத் திறந்து, ஐந்து பச்சை டிக் போட்டுவிட்டுப் படுத்தேன். பொய் இல்லை, கோபம் இல்லை, ஐந்தும் நியாயமான டிக். பின்னாலேயே அம்மா குடத்தோடு ஏறுவதும், ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் தளும்பிச் சிந்துவதும் படுக்கையில் கேட்டது.

உடனே மனம் திரும்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து எங்கள் ஐயரை, அதாவது சபைப் போதகரைப் பார்க்கப் போனது, உங்கள் சபையில் பரிசுத்தம் இல்லை, நான் விலகுகிறேன் என்று சொல்லத்தான். ஆதாரத்துக்கு நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார், ஆடிட்டர் பார்ப்பது போல. "தம்பி, இதை யார்கிட்ட சமர்ப்பிக்கப் போறீங்க?" என்றார். அப்புறம், விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு ஞானோபதேசத்தில் லுத்தர் எழுதிய விளக்கத்தைச் சொல்லச் சொன்னார். கடுப்போடு ஒப்பித்தேன். என் சொந்தப் புத்தியாலோ பலத்தாலோ விசுவாசிக்க முடியாது. பரிசுத்த ஆவியானவரே என்னைச் சுவிசேஷத்தால் அழைத்தார், ஒளி தந்தார், பரிசுத்தமாக்கினார், விசுவாசத்தில் காத்தார் என்று வரும்.

"இதுல நீங்க பண்ற வேலை எது? அழைத்தது, பரிசுத்தமாக்கினது, காத்தது எல்லாம் யாரு?"

பிறகு சம்பந்தமே இல்லாதது போல ஒன்று சொன்னார். 1522இல் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, குழந்தையின் அழுக்குத் துணியை அலசும் தகப்பனை ஊர் கேலி பண்ணினாலும், விசுவாசத்தோடு அதைச் செய்கிறவனைப் பார்த்துக் கடவுள் தூதர்களோடு சேர்ந்து சிரித்து மகிழ்கிறார் என்று லுத்தர் எழுதியிருக்கிறாராம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளம்பும்போது, இரண்டு பெஞ்சை ஞாயிறு பள்ளி அறைக்கு மாற்றிப் போடச் சொன்னார். போட்டேன்.

பிற்பாடு நான் புரிந்துகொண்டது இது. தேவனோடு உள்ள கணக்கைக் கிறிஸ்து தீர்த்துவிட்டார், அதில் நான் கூட்ட ஒன்றுமில்லை. அவருக்கு என் நற்கிரியை தேவையில்லை. மேல் வீட்டு மாமிக்குத் தேவை. பரிசுத்தமாவது என்பது சாகும்வரை நடக்கும் ஆவியானவரின் வேலை. அது எத்தனை சதவீதம் முடிந்தது என்று நானே அளக்க உட்கார்ந்தால், கண் அடுத்தவரை விட்டு என் பக்கமே திரும்பிவிடுகிறது.

உடனே ஒருவர் யாக்கோபு 2:26ஐத் தூக்கிக்கொண்டு வருவார். தெரியும் ஐயா, 'கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது.' அந்த நிருபத்தை லுத்தர் வைக்கோல் என்று சொன்னதும் தெரியும். ஆனால் அதே 1522இல் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்காது, நன்மை செய்யலாமா என்று கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருக்கும் என்றவரும் அவர்தான். அப்படியானால் பாவம் செய்துகொண்டே இருக்கலாமா என்று கேட்பவர்கள் ரோமர் 6ஆம் அதிகாரத்தைப் பார்க்கவும், பவுலிடமே கேட்டுவிட்டார்கள்.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. லுத்தரன் என்றால் இந்த ஊரில் பாதிப் பேர் "மார்ட்டின் லூதர் கிங்கா?" என்கிறார்கள். கல்யாணத் தரகர் "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்கிறார். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். இன்னொரு லுத்தரன் மிஷனரி பெப்ரிசியுஸ் 1742இல் இங்கே சென்னைக்கு வந்து, பைபிளைத் திரும்ப மொழிபெயர்த்து, அகராதியும் போட்டவர். அவர் பாட்டுகளைச் சபை பேதமில்லாமல் பாடுகிறார்கள், பேர்தான் தெரியாது. அந்தப் பெரியவரே கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். என் நோட்டில் அவரை எந்தக் கட்டத்தில் போடுவேன்? ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்று லுத்தரன்கள் சொல்வதை நான் விளங்கிக்கொண்டது அவரை வைத்துத்தான். சபைத் தேர்தல் சமயத்தில் எங்கள் ஆட்களைப் பார்த்தால் இரண்டாவது பாதி இன்னும் நன்றாக விளங்கும். அது தனிப் புராணம்.

2019இல் திரும்பவும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது அம்மா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். இரண்டு வருஷம் படுக்கை. டயபர் மாற்றுவது ராத்திரியில் என் முறை. முகம் சுளிக்காமல் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு ராத்திரி மூன்றாவது தடவை எழுப்பியதற்குக் கத்திவிட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாற்றிவிட்டு, கை கழுவிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டேன். பேச்சு சரியாக வராது, தலையை மட்டும் ஆட்டினார். தேவதூதர்கள் சிரித்த மாதிரி எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அம்மா போன பிறகு பீரோவை ஒழிக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது. என் கட்டங்கள் பதினோரு பக்கம். பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து அம்மா கையெழுத்து. பால் அரை லிட்டர். இஸ்திரி ஆறு உருப்படி. லாரி வரவில்லை. லாரி வரவில்லை. லாரி 3 மணி.