ஆறு கொட்டுகிற உரம் கடலில் எங்கே விளைகிறது? மார்த்தபான் வளைகுடா பற்றிச் சில கேள்விகள்

மார்த்தபான் வளைகுடா பர்மாவின் தெற்கே இருக்கிறது. அதன் கரையில் உள்ள மோல்மேனில் கடலியல் படித்தவன், இப்போதும் மீன்படகுகளோடு சுற்றுகிறவன். ஆற்றுத் தண்ணீருக்கும் பிளாங்க்டனுக்கும் (கடலில் மிதக்கிற நுண்ணுயிர்கள்; இங்கே பேசுவது வெயிலில் வளரும் தாவர வகை) என்ன உறவு என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, ஐராவதி இவ்வளவு வண்டலைக் கொட்டுது, அப்ப முகத்துவாரத்திலதானே பிளாங்க்டன் அதிகம் இருக்கணும்? (பியாப்பொன்)

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், தம்பி. நைட்ரஜன், பாஸ்பரஸ், பாறையில் கரைந்து வரும் சிலிக்கா எல்லாம் ஆறு கொண்டுவருவதுதான். கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்ற பிளாங்க்டன் வகைக்குச் சிலிக்கா இல்லாமல் ஆகாது. ஆனால் உரம் இருந்தால் போதுமா, வெயில் வேண்டாமா? ஒரு வெள்ளை எனாமல் தட்டில் ஓட்டை போட்டு, கயிறு கட்டி, மோல்மேன் படகுத்துறையில் இறக்கிப் பார்த்தேன், ஒரு முழம் போவதற்குள் தட்டைக் காணோம். அதே தட்டு தெற்கே, சேறு குறைந்த மெர்குவி தீவுகள் பக்கம் கோடையில் பல பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம் வரை தெரிந்தது. தட்டு மறைகிற ஆழத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு வரைதான் பயிர் வளரும் வெளிச்சம். அதனால் முகத்துவாரத்தில் உரம் சும்மா கிடக்கும். சேறு படிந்து தண்ணீர் தெளியத் தொடங்குகிற, உரம் இன்னும் தீராத அந்த ஓரத்தில்தான் விளைச்சல்.

சாட்டிலைட் படத்தில் வளைகுடா முழுக்கச் சிவப்பா இருக்கே, அவ்வளவும் பிளாங்க்டனா?

அதில் நிறையச் சேறும் உண்டு. அந்தப் படத்தில் சிவப்பு என்றால் பச்சையம் அதிகம் என்று அர்த்தம். கலங்கல் தண்ணீரில் சாட்டிலைட் சேற்றைப் பச்சையம் என்று எண்ணி ஏமாந்துபோகும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் (கடல் ஏறி இறங்குவதில்) இங்கே கலங்கல் 45,000 சதுர கிலோமீட்டர் வரை பரவும், அட்டமி பக்கம் வெகுவாகச் சுருங்கிவிடும். பிறை பார்க்காமல் அந்தப் படத்தை நம்பாதீர்கள்.

மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கடல்மேல் மிதக்கும்னு சொல்றாங்களே, நல்லதா கெட்டதா? (ரங்கூன் அக்கா)

இரண்டும்தான் அக்கா. ஆற்றுநீர் லேசு, உப்புநீர்மேல் பாய் விரித்த மாதிரி கிடக்கும். முதலில் அது பிளாங்க்டனை வெளிச்சத்திலேயே நிறுத்திவைக்கும், மேலே இருக்கிற உரம் தீர்ந்ததும் கீழே இருப்பதை ஏறவிடாது. வங்காள விரிகுடாவின் நடுவில் விளைச்சல் குறைவாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். எங்கள் வளைகுடாவின் தலைப்பக்கம் ஓதம் ஆறேழு மீட்டர் ஏறி இறங்குவதால் பாய் அங்கே நிலைக்காது.

மயிட்சோன் அணை வந்திருந்தா?

ஐராவதியின் தலைப்பகுதியில் கட்டத் தொடங்கிய அணை அது, 2011இல் நிறுத்திவைத்தார்கள். வந்திருந்தால் இவ்வளவு குறையும் என்று நான் கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் எகிப்தைப் பாருங்கள். 1962இல் சுமார் 18,000 டன் சாளை பிடித்தார்கள். அஸ்வான் அணை நைல் வெள்ளத்தை மறித்த சில வருடங்களில் அது 1,000 டன்னுக்கும் கீழே போனது. எண்பதுகளில் திரும்ப ஏறியது, அதுவும் ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் கடலுக்குப் போனதால் என்கிறார்கள்!

கலங்கல்ல பிளாங்க்டன் வளராதுன்னா கூனி மட்டும் எப்படி இவ்வளவு படுது?

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன். கூனி என்கிற பொடி இறால் பிளாங்க்டனை மட்டும் நம்பி இல்லை. அலையாத்தி இலை விழுந்து அழுகி, அதில் பாக்டீரியா படர்ந்து தூளாகி வருகிறதே, அதையும் தின்னும். அதற்கு வெயில் தேவையில்லை. கூனியை உப்பிட்டு இடித்துச் செய்கிற நம் வீட்டு நாப்பியில் அந்த இலைக்கும் பங்கு உண்டு.