எல்லாரும் வடம் பிடித்தால் முட்டுக்கட்டை போடுவது யார்?
மாற்றுக் கல்வி மையங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: படிப்பில் பின்தங்கிய 30 பிள்ளைகளுக்காக எங்கள் குடியிருப்பில் மாலை நேர மையம் தொடங்குகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று 10 பேர் சேர்ந்திருக்கிறோம். பள்ளிப் பாடப் புத்தகத்தை வைத்தே நடத்தலாமா?

பதில்: வேண்டாம். ஏழாம் வகுப்புப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்குச் சிக்கல் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் விட்டுப்போன ஏதோ ஒன்றில் இருக்கும். அது எதுவென்று கண்டுபிடிக்க முதல் வாரத்தை முழுதாக ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பிள்ளையையும் மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்காரவைத்து 10 நிமிடம் பாருங்கள். எளிய சொற்களால் ஆன நான்கு வரிப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். சரளமாக வந்தால் அடுத்து ஒரு சிறுகதை. மூன்று பிழைக்கு மேல் போனாலோ, எழுத்துக்கூட்டித் தடுமாறினாலோ தனிச் சொற்களுக்கு இறங்குங்கள். அதுவும் வராவிட்டால் எழுத்துகளுக்கு. ஐந்தில் நான்கு சரியாக வரும் படிதான் அந்தப் பிள்ளை இன்று நிற்கும் படி. கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலில் தொடங்குங்கள். வந்தால் வகுத்தல், வராவிட்டால் இரண்டு இலக்க எண்களை அடையாளம் காண்பது.

தமிழ் வாசிப்பில் ஒன்றைத் தனியாகக் கவனியுங்கள். ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்யெழுத்துக்குப் பின்னால் வருகிறது. தடுமாறும் பிள்ளைகளில் பலர் வழுக்குவது இங்கேதான். ‘படிக்கத் தெரியவில்லை’ என்று எழுதிவைத்தால் யாருக்கும் பயனில்லை. ‘கெ, கே வேறுபாடு பிடிபடவில்லை’ என்று எழுதினால் நாளைய பாடம் தயார்.

பிறகு வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரித்துவிடுங்கள். இந்தியாவின் ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த இந்த முறை, ஜாம்பியா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளின் அரசுப் பள்ளிகள் வரை போயிருக்கிறது. 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பிரதமோடு சேர்ந்து பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்த விஷயங்களில் இதுவும் ஒன்று. குழுக்களுக்குத் தரத்தைக் காட்டும் பெயர் மட்டும் வைக்காதீர்கள். பறவை, நிறம், எதுவும் போதும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேறு பத்தியைக் கொடுத்து மறுபடி பார்த்து, தேறியவரை உடனே மேல் குழுவுக்கு மாற்றுங்கள்.

ஆள் பங்கீட்டில்தான் பல மையங்கள் சறுக்குகின்றன. பத்துப் பேர், முப்பது பிள்ளைகள், தலைக்கு மூன்று என்று பிரிக்கத் தோன்றும். ஒருவர் வராத நாளில் மூன்று பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்; இரண்டு முறை அப்படி நடந்தால் அவர்கள் வருவதே நின்றுவிடும். நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இருவரைப் பொறுப்பாக்குங்கள். வாரம் மூன்று நாள், 45 நிமிடம். இருவரில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும். மிஞ்சும் இருவர் பாடமே நடத்தக் கூடாது. ஒருவர் வருகைப்பதிவும் வீட்டுத் தொடர்பும், மற்றவர் பள்ளித் தொடர்பு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் எல்லாரும் வடம் பிடிப்பதில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் தெரு முனையில் திரும்பாது.

குழுவுக்கு ஒரு நோட்டு இருக்கட்டும். அன்றன்று மூன்று வரி போதும்: என்ன நடந்தது, யார் எங்கே தடுமாறினார், அடுத்து எங்கே தொடங்குவது. இது இல்லையென்றால் புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் ‘அ’விலிருந்து ஆரம்பிப்பார்.

கேள்வி: மையத்தைப் பற்றிப் பேசப் போனால் பள்ளியைக் குறை சொல்வதாக அங்குள்ளவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எப்படி அணுகுவது?

பதில்: கூட்டமாகப் போகாதீர்கள். எப்போதும் ஒரே ஆள் போகட்டும். பள்ளியிலும் பேசுவதற்கு ஓர் ஆசிரியரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை 20 நிமிடம், பிள்ளைக்கு ஒரு பக்கம் என்ற அளவில் குறிப்பு. அதில் வாசிப்பு நிலை, கணக்கு நிலை, வருகை, இந்த மாதம் கவனிக்கும் ஒரே ஒரு திறன். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தத் தாளும் கைமாறக் கூடாது. வீட்டுச் சண்டை, கடன், குடி இவை எதுவும் அந்தப் பக்கத்தில் ஏறக் கூடாது. நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வார்த்தை வகுப்பறையில் அந்தப் பிள்ளையின் பட்டப்பெயராகிவிடும்.

ஆசிரியரிடம் பொதுவாக ‘ஒத்துழைப்பு’ கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்: ‘எட்டு வாரத்துக்கு இவளை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், பிறகு தானாக வாசிப்பாள்.’ இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் குறைவு. பதிலுக்குப் பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்துத் தரச் சொல்லும். கடைசி 10 நிமிடத்துக்கு மேல் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மையம் வீட்டுப்பாடம் முடிக்கும் இடமாகிவிடும், அடிப்படை அப்படியே கிடக்கும்.

கேள்வி: என் தம்பிக்கு 14 வயது. சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை நீட்டினால் எழுந்து போய்விடுகிறான். வீட்டில் நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அவன் கோபம் நியாயமானது. சொற்கள் எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கானதாக இருக்கட்டும். விளையாட்டுச் செய்தி, வண்டி பழுது பார்க்கும் குறிப்பு, எதுவானாலும் அவனே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இணைந்து வாசித்தல் என்று ஒரு முறை உண்டு. 1970களில் பிரிட்டனில் உருவானது. இருவரும் ஒரே நேரத்தில், அவன் வேகத்துக்கு, சத்தமாக வாசியுங்கள். தனியாக வாசிக்க முடியும் என்று தோன்றும்போது அவன் மேசையைத் தட்டுவான், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் தப்பாக வாசித்தால் நான்கைந்து நொடி காத்திருங்கள். திருத்திக்கொள்ளாவிட்டால் சொல்லை நீங்கள் சொல்லி, அவன் திருப்பிச் சொன்னதும் மறுபடி இருவரும் சேர்ந்து தொடருங்கள். ‘இது கூடத் தெரியாதா’ என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. தினம் 10 நிமிடம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், அது பலிக்காது.

கேள்வி: இரண்டாம் மாதத்திலிருந்து பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. பரிசு கொடுக்கலாமா?

பதில்: முதலில் காரணத்தைக் கேளுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போவது, இருட்டிய பின் திரும்பும் வழியில் பயம் என்று பெரும்பாலும் பரிசுக்கு அடங்காத காரணங்கள் வரும். தம்பியையும் கூட்டிவரச் சொல்லி ஒரு பாய் விரித்தால் முதல் காரணம் தீரும். நேரத்தை முன்னால் தள்ளினால் மூன்றாவது தீரும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த நாளே போகவேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் பிள்ளையின் மனம் விட்டுப்போயிருக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ‘செக் அண்ட் கனெக்ட்’ என்ற, பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளும் திட்டத்தில், ஒரு பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டு துணை நிற்கிறார். உங்களால் இரண்டு ஆண்டு முடியாமல் போகலாம். மூன்று மாதத்தில் விலகப்போகிற தன்னார்வலரிடம் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள். அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

கேள்வி: ஒழுங்காக வந்தும் ஒரு பிள்ளையிடம் மட்டும் முன்னேற்றமே இல்லை. டிஸ்லெக்சியாவாக (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) இருக்குமா?

பதில்: அதைச் சொல்லும் உரிமை தன்னார்வலருக்கு இல்லை. பெற்றோரிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு. அவை சரியாக இருந்தால், பத்து வார நோட்டுக் குறிப்புகளோடு கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளரிடம் அனுப்புங்கள். எந்த எழுத்தில், எந்த நாளில் தடுமாறினார் என்ற அந்த மூன்று வரிகள் அவருக்கு மிகவும் உதவும்.