புகாரி கேள்விகள்: பொட்டிய விடுங்க, பைப்பப் பாருங்க

தில்லில ரஜாய (பஞ்சுப் போர்வைய) வெளிய எடுத்த அன்னைக்கே எனக்கு போன் வர ஆரம்பிச்சுடும். உத்தராகண்ட் மலைல முக்தேஷ்வர், லேன்ஸ்டவுன் பக்கம் குட்டியா வீடு கட்டிப் போட்டிருக்கற நம்மாளுங்கதான் பேசுவாங்க. அதுல பாதி வீட்டுக்கு கரண்ட் லைன் கெடையாது, சோலார்தான் கதி. லைட் எரியும், போன் சார்ஜ் ஏறும், ஆனா ரூம் ஹீட்டர் ஓடாது. ஏன்னா 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரில முழுசா இருந்தாலும் 1.8 யூனிட்தான், 2 கிலோவாட் ஹீட்டர் அத ஒரு மணி நேரத்துக்குள்ள குடிச்சு ஏப்பம் விட்டுடும். அதனாலதான் விறகு, அதனாலதான் ரூம சூடாக்கற விறகடுப்பு, அதாவது புகாரி. இரும்புப் பொட்டி, அதுக்கு மேல ஒரு பைப்பு, அவ்வளவுதான் விஷயம். இந்த தடவ வந்த கேள்விய எல்லாம் சேத்து ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

கேள்வி: 200 லிட்டர் டிரம்ல பண்ணலாமா சார், இல்ல வீட்ல சும்மா கெடக்கற கேஸ் சிலிண்டர வெட்டிக்கலாமா? (ஆர்.கே.புரம்)

சிலிண்டர் பேச்ச இத்தோட விட்டுடுங்க. மொதல்ல அது உங்களோடதே இல்ல, டெபாசிட் கட்டி வாங்கினாலும் எண்ணெய் கம்பெனி சொத்துதான். ரெண்டாவது, காலின்னு நெனச்சு கிரைண்டர வெச்சா உள்ள மிச்சம் இருக்கற கேஸ் உங்களுக்கு பதில் சொல்லும். டிரம் பரவால்ல, ஆனா தகடு ஒரு மில்லி சுமாருக்குதான் இருக்கும், நேரா நெருப்பு பட்டா ரெண்டு குளிர்காலத்துல ஓட்டையாயிடும். அடில மணல் கொட்டி, பக்கவாட்டுல ஃபயர் பிரிக் (சூடு தாங்கற செங்கல்) அடுக்கினா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பெட்ரோல், தின்னர் இருந்த டிரம்னா தொடவே தொடாதீங்க. என்னக் கேட்டா, தில்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைல 5 மில்லி எம்எஸ் (சாதா இரும்பு) பிளேட் பாத்து வாங்குங்க, கொண்டி, கீல், கைப்பிடி எல்லாம் ஜிபி ரோட்ல கெடைக்கும். சிவப்பு விளக்கு ஏரியாவாச்சேன்னு சிரிக்காதீங்க, கீழ பூரா ஹார்ட்வேர் கடைதான்.

கேள்வி: பத்த வெச்சா புகை பூரா ரூமுக்குள்ளயே வருதுண்ணா. ரெண்டு தடவ பொட்டிய மாத்தி வெல்டிங் பண்ணியாச்சு. (மயூர் விஹார், வீடு முக்தேஷ்வர்ல)

தம்பி, பொட்டிய இன்னும் பத்து தடவ மாத்தினாலும் இப்படியேதான் இருக்கும். புகைக்கு மேல போகணும்னு தனியா ஆசை ஒண்ணும் கெடையாது, சூடா இருக்கற வரைக்கும் போகும், ஆறினா நின்னுடும். அத இழுக்கறது பைப்புதான். பைப் எவ்வளவு உசரமோ, எவ்வளவு நேரோ, எவ்வளவு சூடோ, இழுப்பு அவ்வளவு. நீங்க அனுப்பின போட்டோல ரெண்டு 90 டிகிரி எல்போ (வளைவு) இருக்கு, அதுக்கு நடுவுல அஞ்சடி படுத்தாப்ல ஓடுது, போதாததுக்கு 6 இஞ்ச் பைப்ப ஜன்னல்கிட்ட 4 இஞ்சா சுருக்கி வேற வெச்சிருக்கீங்க. மிஸ்திரி கடைல அதான் இருந்துதுன்னு சொன்னாரா? ஆரம்பத்துலேர்ந்து உச்சி வரைக்கும் ஒரே அளவு இருக்கணும், திருப்பியே ஆகணும்னா 45 டிகிரி ரெண்டு போடுங்க. மொத்த உசரம் 15 அடிக்கு கொறையாம பாத்துக்குங்க. அங்க ஏழாயிரம் அடி உசரத்துல காத்து இங்கத்தவிட அஞ்சுல ஒரு பங்கு லேசு, இழுப்பும் அதுக்கேத்தாப்ல கம்மி, அதனால கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். கூரைய விட்டு வெளிய வந்த எடத்துலேர்ந்து 3 அடியாவது மேல போகணும், சுத்தி 10 அடிக்குள்ள கூரையோ சுவரோ எது உசரமோ அதவிட 2 அடி மேல நிக்கணும். சுவத்த ஒட்டி ஓட்ட போட்டு கூரைக்கு கீழயே பைப்ப முடிச்சீங்கன்னா காத்தடிச்ச அன்னைக்கு புகை வந்த வழியே திரும்பி வந்துடும்.

பைப்ப கழட்டறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. நெருப்பு எரியறப்போ ஜன்னல ரெண்டு விரல் அளவுக்கு தெறந்து பாருங்க. புகை நின்னுச்சுன்னா பைப் மேல தப்பில்ல, ரூம்ல காத்து பத்தல, புகாரிகிட்ட வெளிக்காத்து வர்ற மாதிரி ஒரு 3 இஞ்ச் ஓட்ட போட்டா போதும். தெறந்தும் நிக்கலன்னா பைப்தான். பத்த வெச்ச மொத பத்து நிமிஷம் மட்டும்னா பைப்புக்குள்ள குளிர்ந்த காத்து தக்கை மாதிரி அடைச்சுக்கிட்டிருக்கு, பேப்பர முறுக்கி பைப் வாய்கிட்ட எரிச்சு மொதல்ல அத சூடாக்குங்க, அப்புறம் சுள்ளி, அதுக்கப்புறம்தான் கட்டை. போன வருஷம் நல்லா இருந்து இந்த வருஷம் மட்டும்னா மேல ஏறி பைப் உச்சில இருக்கற தொப்பியப் பாருங்க, கரி அடைச்சிருக்கும், இல்ல குருவி குடித்தனம் பண்ணிருக்கும்.

கேள்வி: பைப் ஜாயின்ட்லேர்ந்து கறுப்பா தார் மாதிரி சொட்டுது, நாத்தம் தாங்கல. (முனிர்கா)

மேடம், இது எனக்கும் நடந்திருக்கு. நான் பண்ணின மொத புகாரில சூட வீணாக்கக் கூடாதுன்னு புத்திசாலித்தனமா பைப்ப ரூம் முழுக்க குறுக்கால இழுத்து விட்டேன், மூணாம் நாள் காலைல பாத்தா வீட்டுக்காரம்மாவோட புது ரஜாய் உறை மேல நாலணா அளவுல நாலு கறுப்புப் பொட்டு, துவைச்சும் போகல, அந்த ரஜாய் இன்னும் வீட்ல இருக்கு, பேச்சும் இருக்கு.

அது கிரியோசோட். ஈர விறகு புகையும் மந்தமான நெருப்பும் சேந்து, பைப்போட உள்பக்கம் 120 டிகிரிக்கு கீழ எறங்கினா புகைல இருக்கற தார் அங்கயே பனி மாதிரி படிஞ்சுடும். சொட்டறதுக்கு இன்னொரு காரணம், பைப்ப தலைகீழா மாட்டிருப்பாங்க. கைல எடுத்துப் பாருங்க, ஒரு முனை மடிப்பு மடிப்பா சுருங்கியிருக்கும். அந்த முனை கீழ பாத்து, புகாரிப் பக்கமா, அடுத்த பைப்புக்குள்ள போகணும், அப்போதான் வழியறது உள்ளயே வழிஞ்சு நெருப்புல போய் எரியும். புகை வெளிய வந்துடுமேன்னு நெறைய பேர் திருப்பி மாட்டிடறாங்க. இழுப்பு சரியா இருந்தா ஜாயின்ட் வழியா காத்து உள்ளதான் போகும், புகை வெளிய வராது. சீசனுக்கு ரெண்டு தடவையாவது பிரஷ் விட்டு சுத்தம் பண்ணுங்க, அந்த தார் ஒரு நாள் பைப்புக்குள்ளயே பத்திக்கிச்சுன்னா கூரை போயிடும்.

கேள்வி: ஜிஐ பைப் மலிவா கெடைக்குது, போடலாமா?

கூடாது. துத்தநாகப் பூச்சு சூட்டுல புகையா வரும், அந்தப் புகைய சுவாசிச்சா ஜுரமே வரும். கறுப்பு எம்எஸ் போடுங்க, இல்லன்னா எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). ஆஸ்பெஸ்டாஸ் பைப்பும் வேண்டாம், சூட்டுல வெடிக்கும். மரக்கூரை, மரச்சுவர்லேர்ந்து பைப் 18 இஞ்ச் தள்ளி இருக்கட்டும், பொட்டி 3 அடி.

கேள்வி: சீட் கட்டை நல்லதா, பாஞ்ச் கட்டை நல்லதா?

சீட் பைன் வகை, பத்திக்கும், வேகமா எரியும். பாஞ்ச் ஓக் வகை, கனம், ராத்திரிக்கு தணல் நிக்கும், ஆனா காயறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல கூட எடுக்கும். எந்த மரம்ங்கறதவிட காஞ்சுதாங்கறதுதான் பெருசு. பச்சை மரத்துல பாதி தண்ணி, நீங்க காசு குடுத்து தண்ணிய கொதிக்க வெச்சுக்கிட்டிருப்பீங்க. ரெண்டு துண்ட ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க, கணீர்னா எடுங்க, மொத்துன்னு சத்தம் வந்தா அடுத்த வருஷத்துக்கு அடுக்கி வைங்க.

கேள்வி: படுக்கறப்போ டேம்பர (பைப்ப அடைக்கற தகட) முழுசா மூடிட்டா விடிய விடிய தணல் இருக்குமே?

தணல் இருக்கும், நீங்க இருப்பீங்களான்னு தெரியாது. பைப் டேம்பர மூடினா கார்பன் மோனாக்ஸைட் போறதுக்கு வழி இல்ல. அதுக்கு நிறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. ஜன்னல சாத்திட்டு அங்கீட்டி (கரி அடுப்பு) வெச்சுட்டு தூங்கினவங்க எழுந்திரிக்கலன்னு ஒவ்வொரு குளிர்லயும் இங்க பேப்பர்ல வருதே, அதே சமாச்சாரம்தான். மலைல இன்னொரு ஆபத்து, தல வலி, குமட்டல் வந்தா உசரத்துனாலன்னு நெனச்சு போத்திக்கிட்டு படுத்துடுவாங்க. பேட்டரில ஓடற மோனாக்ஸைட் அலாரம் ஒண்ணு கண்டிப்பா வைங்க, புகை அலாரம் இந்த வேலைக்கு ஆகாது. தணல் நிக்கணும்னா கீழ கதவுல வர்ற காத்த கொஞ்சமா கொறைங்க. கதவு சரியா மூடுதான்னு பாக்க பத்து ரூபா நோட்ட வெச்சு சாத்தி இழுங்க (ஆறின பொட்டில!), சுலபமா உருவ முடிஞ்சா கதவு ஓரத்துல சந்த அடைக்கற கயிறு மாத்தற நேரம் வந்தாச்சு.

கேள்வி: தில்லி ஃபிளாட் பால்கனில ஒண்ணு வெச்சுக்கலாமா?

இந்த ஊர் காத்துக்கா? வேண்டாம் சார்.

கேள்வி: உள்ள காயில் விட்டு குளிக்க வெந்நீர் எடுக்கலாமா? (துவாரகா)

எடுக்கலாம், நெறைய பேர் எடுக்கறாங்க, ஆனா இதுல மட்டும் கை வெச்சுப் பழகாதீங்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1600 லிட்டருக்கு மேல எடம் கேக்கும், ரெண்டு பக்கமும் வால்வு மூடியிருந்தா உங்க புகாரி குண்டுதான். டேங்க் புகாரிய விட மேல, மேல தெறந்த மாதிரி, காயிலுக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு வால்வு கூட இல்லாம இருக்கணும், சூடு தண்ணி தானா ஏறும், பம்ப் வேண்டாம். அப்படி வெச்சாலும், ஒரு வாரம் ஆளில்லாத வீட்டுக்குப் போய் எறங்கின ராத்திரி பைப்ல தண்ணி ஒறைஞ்சிருக்கும், அதுவும் வால்வு மூடின கணக்குதான், அது தெரியாம பத்த வெச்சா முடிஞ்சுது. தெரிஞ்ச பிளம்பர் கெடைக்கற வரைக்கும் புகாரி தலைல ஒரு அண்டா வைங்க, காலைல ரெண்டு பேர் குளிக்க தாராளமா ஆகும்.