பெவிகுயிக் போட்டு வெட்டுக்காயத்தை ஒட்டலாமா? கோத்தகிரி நர்ஸ் அக்காகிட்ட கேளுங்க

எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூம்ல 22 வருஷம் நின்னவ நான், இப்ப ரிட்டயர்டு. பசை போடறத பத்தி நிறைய பேர் கேட்டுட்டீங்க, கரண்ட் இருக்கிற வரைக்கும் பதில் சொல்றேன்.

ஊட்டி தம்பி: அக்கா, கேரட் நறுக்கும்போது விரல்ல கீறிடுச்சு, பெவிகுயிக் ஒரு சொட்டு விட்டேன், ரத்தம் நின்னுருச்சு. தப்பா?

அந்த கீறல் சும்மா அழுத்திப் பிடிச்சிருந்தாலே நின்னிருக்கும் தம்பி, பேரு மட்டும் பசைக்கு போயிடுச்சு. எரிச்சலோ வீக்கமோ இல்லைன்னா விட்டுருங்க, பிய்க்காதீங்க, சில நாள்ல தானா உரிஞ்சு வந்துரும்.

குன்னூர்ல இருந்து: ஆஸ்பத்திரிலயும் பசைதானே போடறாங்க, அப்புறம் கடை பசைக்கு மட்டும் என்ன குறை?

ஒரே குடும்பம்தான், சயனோஅக்ரிலேட். 1942ல கோடாக் கம்பெனில கூவர்னு ஒருத்தர் துப்பாக்கி குறி பாக்குற கண்ணாடிக்கு பிளாஸ்டிக் தேடும்போது மாட்டுனது இது, தொட்டதெல்லாம் ஒட்டுதேன்னு அப்போ தூக்கி ஓரமா வெச்சுட்டாங்க. பின்னாடி வியட்நாம் போர்ல ரத்தத்தை நிறுத்த ஸ்ப்ரே மாதிரி அடிச்சிருக்காங்க. ஆனா கடையில கிடைக்கறது எத்தில் வகை, தோல்ல சூடாகும், காஞ்சா விறைப்பா நின்னு வெடிக்கும், உடைஞ்சு சிதையும்போது சதையை எரிச்சலாக்கும், ஸ்டெரைலும் (கிருமி நீக்குனதும்) கிடையாது. ஆஸ்பத்திரி பசை பியூட்டில், ஆக்டைல் வகை, கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். ஆக்டைலுக்கு அமெரிக்காவுல 1998லதான் அனுமதியே கொடுத்தாங்க. இன்னொண்ணு, அதைக்கூட காயத்துக்குள்ள விட மாட்டாங்க, நல்லா கழுவி ரெண்டு ஓரத்தையும் சேத்துப் பிடிச்சு மேலாப்புல தடவுவாங்க.

மஞ்சூர் அண்ணன்: தேயிலைச் செடி வெட்டுற கவாத்து கத்தி பட்டா டவுனுக்கு போயி வர அரை நாள் கூலி போயிடும்மா, அதான் பசை.

புரியுதுண்ணே. உங்கள மாதிரியே ஒருத்தர் வந்தாரு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெட்டு, மூணு நாள் முன்னாடியே ஒட்டிட்டு கவாத்துக்கு போயிட்டாரு. மேல கண்ணாடி மாதிரி மினுமினுன்னு இருக்கு, அடியில தேயிலை கறையும் மண்ணும் கருப்பா அப்படியே உக்காந்திருக்கு, சுத்தி சிவந்து கொதிக்குது. பசையை ஊற வெச்சு எடுத்தோம், கீழ சீழ். அவருக்கு போனது அரை நாள் இல்லண்ணே, பத்து நாள் கூலி.

அதனால மொதல்ல ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவுங்க, அப்புறம் சுத்தமான துணி வெச்சு 10 நிமிஷம் விடாம அழுத்துங்க, நடுநடுவுல தூக்கி எட்டிப் பாக்கக்கூடாது. அதுக்கப்புறமும் ரத்தம் நிக்கலைன்னா, வாய் பொளந்து மஞ்சளா கொழுப்பு தெரிஞ்சா, விரல் மடங்கலைன்னா, மரத்துப் போனா, கூலி பாக்காதீங்க, அன்னைக்கே தையலுக்கு போங்க. மண்ணு பட்ட காயம்னா டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 வருஷம் ஆயிடுச்சான்னும் பாருங்க. காப்பித்தூள் அப்புறதும் வேணாம், அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும்.

அதே அண்ணன்: பசையை பஞ்சுல நனைச்சு வெச்சா?

ஐயோ, அது மட்டும் வேணவே வேணாம். பருத்தில இந்த பசை பட்டா சட்டுனு சூடாகும், புகையே வரும், தோல் வெந்துடும்.

கூடலூர்: அட்டை கடிச்ச எடம் மணிக்கணக்கா ஒழுகுது, ஒரு சொட்டு?

வேணாம். அட்டை எச்சில்ல ரத்தம் உறையாம வெக்கிற சரக்கு இருக்கு, அதான் அப்படி ஒழுகும். கழுவிட்டு அழுத்தி கட்டுங்க, நின்னுரும்.

ஊட்டி அம்மா: பனிக்காலத்துல குதிகால் வெடிப்புக்கு போடுவேன், வலி தெரியாது.

இது ஒண்ணுக்குத்தான் நான் பெருசா சண்டை போட மாட்டேன் அம்மா, ரத்தம் வராத காஞ்ச வெடிப்புனா பல பேரு சமாளிச்சிருக்காங்க. ஆனா ராத்திரி வாசலின் தடவி சாக்ஸ் போட்டா அதைவிட நல்லா ஆகும். சுகர் இருந்தா பசை பக்கமே போகாதீங்க.

பையன் ரெண்டு விரலையும் ஒட்டிக்கிட்டான்!

இழுக்காதீங்க. வெதுவெதுப்பான சோப்பு தண்ணில ஊற வெச்சு மெதுவா உருட்டி உருட்டி பிரிங்க. நெயில் பாலிஷ் ரிமூவர்லயும் வரும், ஆனா காயத்துலயோ கண்ணு பக்கத்துலயோ கூடாது. கண்ணுல பசை பட்டுருந்தா எதையும் ட்ரை பண்ணாம ஆஸ்பத்திரி.

குன்னூர்: நாய் லேசா கீறுச்சு, ஒட்டி விடட்டுமா?

ஒட்டவே கூடாது, கிருமியை உள்ள வெச்சு பூட்டுன மாதிரி ஆயிடும். 1907லயே வெறிநாய்க்கடிக்கான பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வந்த ஊர்ல இருந்துட்டு இதைக் கேக்கலாமா? இப்பவே குழாயடிக்கு போயி சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, கட்டு போடாம நேரா ஜிஹெச் போயி ஊசியை ஆரம்பிங்க, மத்த கேள்வியெல்லாம் வந்து கேளுங்க.