‘இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்’

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒரு பெரிய நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். வருஷா வருஷம் அப்ரைசலில் நல்ல ரேட்டிங்தான் வருகிறது. ஆனால் அடுத்த பதவிக்கு ஆள் தேடும்போது என் பெயர் மட்டும் அடிபடுவதே இல்லை. கேட்டால், “வேலையில் குறையே சொல்ல முடியாது. தலைமைக்கு வேண்டிய பக்குவம் இன்னும் கொஞ்சம் வரட்டும்” என்கிறார்கள். இந்த முறை அந்த இடத்துக்குப் போனவர், சேர்ந்த புதிதில் நான் வேலை பழக்கிவிட்டவர். புதியவர்களைப் பழக்குவது, மீட்டிங் குறிப்பு எழுதுவது, விழா ஏற்பாடு எல்லாம் எப்போதும் என் தலையில்தான். இப்போது என்னைத் தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்களாம். குறை என்னிடம்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தோழி,

உங்களிடம் இல்லை. செய்து முடித்த வேலைக்கு நல்ல ரேட்டிங், செய்யப்போகும் வேலைக்குச் சந்தேகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

வட அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில், மேலாளர் வரிசையில் இருந்த ஏறக்குறைய 30,000 பேரின் பதிவுகளை ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூவர் ஆராய்ந்தார்கள். வேலைக்கான மதிப்பெண்ணில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சற்று மேலே இருந்தார்கள். ‘இவர் இனி எவ்வளவு வளர்வார்’ என்ற கட்டத்தில்தான் அவர்களுக்கு மதிப்பெண் போடக் கை சுருங்கியது. பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு ஆண்களைவிட 14 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் பாதிவரைக்கும் இந்த ஒரு கட்டமே காரணம். என்னைக் கொதிக்க வைப்பது அடுத்த விஷயம். அதே வளர்ச்சி மதிப்பெண் வாங்கிய ஆண்களைவிடப் பெண்கள் பிற்பாடு நன்றாகவே வேலை செய்தார்கள். கணிப்பு பொய்த்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகும், மறுபடி அதே குறைந்த மதிப்பெண்தான் போட்டார்கள்.

‘பக்குவம்’ என்பதை எதை வைத்து அளக்கிறார்கள்? ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவரின் சாயல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 1982-ல் ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்டார். அந்த ஆண்டு 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். பெரிய அரசு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர். பதவி வரவில்லை, பெண்மையாக நடக்கவும் பேசவும், முகத்துக்குப் பூசிக்கொள்ளவும், நகை அணியவும் அறிவுரை வந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-ல் இப்படி அளப்பது பாகுபாடு என்று ஆனது. அவரிடம் முரட்டுத்தனத்தைக் குறையாகச் சொன்னார்கள், உங்களிடம் பக்குவமின்மையைச் சொல்கிறார்கள். அதட்டினாலும் குற்றம், அடங்கினாலும் குற்றம்.

போகிற போக்கில் நீங்கள் சொன்ன மீட்டிங் குறிப்புக்கு வருகிறேன். மீட்டிங் முடியும் நேரத்தில் “குறிப்பு யார் அனுப்புறீங்க?” என்று ஒரு கேள்வி வரும். எல்லோர் தலையும் போனுக்குள் குனியும். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல் ஒருவர் “நான் அனுப்புறேன்” என்பார். லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில், யாரும் விரும்பாத ஒரு வேலைக்கு இப்படி முன்வந்தது ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகம். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்களே தாராளமாக முன்வந்தார்கள்! ஆக இது பிறவிக் குணமில்லை. பெண் ஒருத்தி இருந்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், அவளும்தான். அந்த மணிநேரங்கள் எந்த அப்ரைசலிலும் ஏறுவதில்லை.

பயிற்சிக்குப் போவதானால் போய் வாருங்கள். ஆனால் வகுப்பில் முதலில் உட்கார வேண்டியவர்கள் அப்ரைசல் படிவத்தை நிரப்புகிறவர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. ‘பக்குவம்’ என்றால் எந்த வேலை, எந்தத் தேதிக்குள், யார் பார்த்து முடிவு செய்வார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். வரவு செலவுக்கு நேரடியாகப் பொறுப்பேற்கும் ஒரு பிரிவைக் கேளுங்கள். உயர்பதவிக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் அந்த அனுபவத்தைத்தான் தேடுகிறார்கள். புதியவர்களைப் பழக்குவது உங்கள் வருட இலக்கில் எழுத்தாக ஏறட்டும், இல்லாவிட்டால் முறை வைத்து எல்லோரும் செய்யட்டும். நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்லும் மூத்தவர் ஒருவரும் வேண்டும். நியாயமாக இதையெல்லாம் நிறுவனம்தான் செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை நீங்கள் காத்திருக்கவும் கூடாது.

அவர்கள் எழுதிக் கொடுத்ததை முடித்த பிறகும் புதிதாக ஒரு காரணம் வந்தால், வெளியே அடுத்த நிலைப் பதவிக்கே விண்ணப்பியுங்கள். இப்போதைய பதவிக்குச் சமமானதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்.